டேக்வாண்டோவும் சுயமரியாதையும்

(ஒரு சிறு நகரத்து டேக்வாண்டோ பள்ளியின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இப்பள்ளியின் ஆண்டு விழாவில் பேசும்படி நம்மை அழைத்தபோது, இவ்வித்தைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கே சற்று யோசனையாய் இருந்தது. நமக்கு உதைத்துப் பழக்கமில்லை. நம் இயக்கத்தார் ஆதியில் மேடை ஏறியபோது கல்லும் சாணி உருண்டையும் வந்து விழுந்ததுண்டு; அடி வாங்கிய அனுபவம் வேண்டுமானால் நம்மவர்க்கு உண்டே தவிர, அடிக்கும் வித்தை நமக்குத் தெரியாது. ஆனாலும், சென்ற மாதம் நடந்த ஒரு சங்கதியால், இங்கு வந்து இரண்டொரு வார்த்தை சொல்லுவது நமது கடமை என்று தோன்றிற்று. ஆகையால் வந்தோம்.

அந்தச் சங்கதி என்னவென்றால், இவ்வூரில் நிலபுலம் உள்ள, நமக்கு வெகு நாளாய்ப் பழக்கமான ஒரு கனவான் நம்மிடம் வந்து, "ஐயா, என் பையனை அந்த உதைக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டோம். "என் பையன் மஞ்சள் பெல்ட். காலனிப் பையன் ஒருவன் அங்கே சிவப்பு பெல்ட். அவன்தான் வரிசைக்கு முன்னால் நிற்கிறான். என் பையன் அவனுக்குக் குனிந்து வணக்கம் போடவேண்டுமாம். அவன் அப்பன் இன்றைக்கும் என் வீட்டு வாசலில் நின்றுதான் கூலி வாங்குகிறான். அவன் மகனுக்கு என் மகன் குனிவதா?" என்றார். அதோடு நின்றாரா? நம்மையே மடக்குவதாக நினைத்துக்கொண்டு, "நீங்கள்தானே சுயமரியாதைக்காரர், யாருக்கும் குனியாதே, நிமிர்ந்து நில் என்று ஊர் ஊராய்ப் பேசுகிறவர்கள் நீங்கள்தானே! அதன்படிதான் நான் நடந்துகொண்டேன்" என்றும் சொன்னார்.

தோழர்களே! ஜாதித் திமிரைக் காப்பாற்றிக்கொள்ள நம்முடைய சுயமரியாதையையே கைத்தடியாக ஊன்றிக்கொண்டு வந்தார் பாருங்கள்! நாம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். "உங்கள் பையன் குனிந்தபோது, அந்தக் காலனிப் பையன் திரும்பக் குனிந்தானா, இல்லையா?" என்றோம். "குனிந்தான், அதுதான் அங்கே வழக்கமாம்" என்றார். "உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரும் புரோகிதர் காலில் நீங்கள் விழுந்தீர்களே, அவர் திரும்ப உங்கள் காலில் விழுந்தாரா?" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு அன்று சொல்ல வேண்டியதில் பாதிதான் சொன்னோம். மீதியை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடலாம் என்பதே நமது எண்ணம்.

குனிவது யாருக்கு?

இந்த வித்தையில் வகுப்பு தொடங்கும்போது "சார்யோட்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. நேராய் நில் என்று அர்த்தம். அடுத்து "கியோங்னே" என்கிறார்கள். வணங்கு என்று அர்த்தம். ஆசிரியருக்கு மாணவர்கள் குனிகிறார்கள். ஆசிரியரும் மாணவர்களுக்குக் குனிகிறார். சண்டை தொடங்குமுன் எதிராளிக்கு எதிராளி குனிகிறான், முடிந்தபின்னும் குனிகிறான். ஜெயித்தவன் தோற்றவனுடைய பயிற்சியாளரிடம் போய்க் கை கொடுத்து வணங்கிவிட்டு வருகிறான். இதில் ஒருவன் தாழ்ந்தான், ஒருவன் உயர்ந்தான் என்பதற்கு இடமே இல்லை. "நான் உன்னை உதைக்கப் போகிறேன், ஆனால் நீ எனக்குச் சத்துரு அல்ல, விதியை மீற மாட்டேன்" என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்குறுதியே அது.

நாம் வேண்டாம் என்று சொல்லுகிற வணக்கம் வேறு. அது ஒருவன் விழுவதும் இன்னொருவன் நின்றபடி ஆசீர்வதிப்பதுமான வணக்கம். பிறப்பைக் காட்டி வாங்குகிற வணக்கம். ஆகையால் பிள்ளைகளே, இதற்கு நாம் ஒரு சுலபமான அளவுகோல் சொல்லுகிறோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உனக்குத் திரும்பக் குனிகிறவர்க்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் குனி, அது மரியாதை. திரும்பக் குனியாத எதற்கும் குனியாதே, அது அடிமைத்தனம். சில பள்ளிகளில் ஸ்தாபகரின் படத்தைச் சுவரில் மாட்டி அதற்கு மாலை போட்டுக் குனியச் சொல்லுகிறார்களாம். படம் திரும்பக் குனியுமா? படத்தைப் பார்த்து அவர் செய்த வேலையைத் தெரிந்துகொள்ளலாம், அது போதும்.

பெல்ட்டும் பூணூலும்

இனி, அந்தப் பெல்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று இங்கு வரிசை வைத்திருக்கிறார்கள். கறுப்புக்குக் கீழே உள்ள படிகளைக் "கப்" என்று சொல்லி 10-இலிருந்து 1 வரை இறங்கி எண்ணுகிறார்கள். கறுப்பு வந்தபின் "டான்" என்று 1-இலிருந்து மேலே எண்ணுகிறார்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கறுப்புக்குரிய பரீட்சையில் தேறினால், "பூம்" என்று பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பெல்ட் கொடுக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து நம்ம கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அது கொரியாக்காரர் ஏற்பாடு.

இந்தப் படிவரிசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஜப்பானில் 1882-இல் ஜூடோ பள்ளி வைத்த கானோ ஜிகோரோ என்கிற ஒரு பள்ளி ஆசிரியர், மாணவர்களின் தேர்ச்சியை அளப்பதற்காக 1880களில் ஏற்படுத்தியது. ஒகினாவா தீவிலிருந்து கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி கிச்சின், 1924-இல் அதையே தம் மாணவர்களுக்கும் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து கொரியாவுக்குப் போயிற்று. ஆகவே இது தேவர்கள் கொடுத்ததும் அல்ல, முனிவர்கள் கண்டதும் அல்ல. பரீட்சை வைக்கத் தெரிந்த ஓர் உபாத்தியாயர் கண்டது.

இப்போது இரண்டு கயிறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தோளில் போடுவது. மற்றொன்று இடுப்பில் கட்டுவது. தோளில் போடும் கயிற்றுக்கு இன்ன வயிற்றில் பிறந்திருக்கவேண்டும். இடுப்பில் கட்டும் கயிற்றுக்கு எந்த வயிற்றில் பிறந்தாலும் சரி, முதல் நாள் வெள்ளைதான். கலெக்டர் மகனுக்கும் வெள்ளை. கக்கூஸ் கழுவுகிறவர் மகனுக்கும் வெள்ளை. தோளில் போடும் கயிற்றைப் போட்ட பின் ஒருவன் முட்டாளாய் இருந்தாலும் யாரும் கழற்றச் சொல்லுவதில்லை. இடுப்புக் கயிற்றின் நிறம் மாறவேண்டுமானால் எல்லோர் முன்னிலையிலும் உதைத்துக் காட்டவேண்டும், அடவு தவறாமல் செய்து காட்டவேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். தோளில் போடுவதை ஸ்திரீகள் போடக்கூடாதாம். இடுப்பில் கட்டுவதற்குப் பெண் என்று ஒரு தடையும் இல்லை. தோழர்களே! இந்த இரண்டில் எது அறிவுக்கு ஒத்தது, எது மானத்துக்கு ஒத்தது என்று நாம் சொல்ல வேண்டுமா? நமது கனவானுடைய மகன் காலனிப் பையனுக்குக் குனியவில்லை. தன்னைவிட இரண்டு வருஷம் அதிகமாய் வியர்வை சிந்தினவனுக்குக் குனிந்தான். அவனும் அந்த இரண்டு வருஷத்தைச் சிந்தினால் அதே சிவப்பு அவன் இடுப்புக்கும் வரும்.

பழமைப் புரட்டு இங்கும் உண்டு

நிற்க, எதிரியின் புரட்டைச் சொல்லிவிட்டு நமக்குப் பிடித்ததின் புரட்டை மறைப்பது யோக்கியமல்ல. டேக்வாண்டோ 2000 ஆண்டுப் பழமையானது என்று பல விளம்பரங்களில் போடுகிறார்கள். பழைய கல்லறைச் சுவரில் இரண்டு பேர் கை நீட்டி நிற்கும் சித்திரம் இருக்கிறது, சில்லா ராஜ்யத்தில் ஹ்வாராங் என்ற இளைஞர் கூட்டம் இருந்தது, ஆகவே அதுதான் இது என்கிறார்கள். கையை நீட்டி நிற்கும் சித்திரம் நம் ஊர்க் கோவில் தூண்களிலும் இருக்கிறது. அதனால் நாம்தான் இதைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிடலாமா?

உண்மைச் சரித்திரம் என்னவென்றால், கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பான்காரன் கையில் அடிமைப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய வாலிபர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்களில் லீ வோன் குக் என்பவர் 1944-இல் சியோல் நகரில் சுங் டோ குவான் என்ற பள்ளியைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இப்படிப் பல பள்ளிகள் தோன்றின. கொரியாவில் முன்பே தேக்கியோன் என்று காலால் ஆடும் ஒரு கிராமிய விளையாட்டு இருந்தது உண்மை. பட்டாளத்து ஜெனரல் சோய் ஹாங் ஹி முதலானவர்கள் சேர்ந்து 1955-இல்தான் "டேக்வாண்டோ" என்று பெயர் வைத்தார்கள். டே என்றால் கால், குவான் என்றால் முஷ்டி, டோ என்றால் வழி. 1972-இல் சியோலில் குக்கிவான் என்ற தலைமைப் பயிற்சி மண்டபம் கட்டினார்கள். 1973-இல் முதல் உலகப் போட்டி நடந்தது. 1988-இலும் 1992-இலும் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாய் இருந்து, 2000-இல் சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டு ஆயிற்று.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆண்டானிடமிருந்து கற்றதை வைத்துக்கொண்டு, தம் புத்தியையும் தம் காலையும் சேர்த்துப் புதிதாய் ஒன்று செய்து, நாற்பத்தைந்து வருஷத்தில் உலகத்தின் பெரிய மைதானத்துக்குக் கொண்டுபோனார்களே, அதல்லவா பெருமை! அதை விட்டுவிட்டு, பழசு என்றால்தான் மதிப்பு என்று நினைப்பது, நம் நாட்டில் எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று சொல்லுகிற அதே வியாதிதான்.

பலகை உடைவது எப்படி?

சற்று முன் ஒரு சிறு பெண் பலகையை உதைத்து உடைத்தாள். எல்லோரும் கை தட்டினீர்கள். பின்வரிசையில் ஒருவர், "அந்தப் பெண்ணுக்குள் ஏதோ சக்தி இருக்கிறது" என்று சொன்னது நம் காதில் விழுந்தது. இருக்கிறது, அது தொடையில் இருக்கிறது. விறகு பிளக்கிற எந்தத் தாய்மாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், ரேகை போகிற வாக்கில் போட்டால் பிளக்கும், குறுக்கே போட்டால் கோடாலி திரும்பி வரும் என்று. இந்தப் பலகைகளும் இலேசான மரத்தில், ரேகை வாக்கு பார்த்து அறுத்தவை. பிடிக்கிறவர் அசையாமல் பிடிக்கவேண்டும். உதைக்கிறவர் முழுப் பாதத்தையும் பரப்பாமல் குதிகாலையோ முன்பாதத்தையோ ஒரு சிறு இடத்தில், வெகு வேகமாய்ச் செலுத்தவேண்டும். வேகம் இரண்டு பங்கானால் இடியின் சக்தி நான்கு பங்காகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து அடுக்கினால், உடைந்த பலகையே அடுத்ததை இடித்து உடைக்க உதவும். இதுதான் இரகசியம்.

நம் தோழர்கள் ஒரு கடவுள் பெயரையும் சொல்லாமல் தீ மிதித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். தணலைச் சீக்கிரமாய்க் கடந்தால் சுடாது. நின்றால் பக்தனுக்கும் சுடும், நாஸ்திகனுக்கும் சுடும். பலகையும் அப்படித்தான். ஆகவே "கி" என்ற தெய்வீக சக்தியால் தொடாமலே ஆளைத் தள்ளுவேன் என்று யாராவது சொன்னால், "என்னைத் தள்ளும்" என்று முன்னால் போய் நில்லுங்கள். அவ்வளவே வேண்டியது.

உதைக்கும்போது போடுகிற கூச்சலும் மந்திரமல்ல. மூச்சை வெளியே தள்ளும்போது வயிற்றுத் தசை இறுகுகிறது. பயமும் சற்றுக் குறைகிறது. அப்படியே "ஹனா, துல், செட்" என்று எண்ணுவதும் "சிஜாக்" என்று தொடங்குவதும் கொரிய பாஷை; கிரிக்கெட்டில் "அவுட்" என்பதைப் போல. ஆனால் ஒரு எச்சரிக்கை. அர்த்தம் தெரியாமல் சொல்லுகிற எந்தச் சொல்லும் நாளடைவில் மந்திரமாகிவிடும். ஆகையால் பிள்ளைகளே, ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் அர்த்தம் கேளுங்கள். ஆசிரியர் அவர்களும் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டுகிறோம்.

போட்டியில் உள்ள நியாயம்

இந்த விளையாட்டின் போட்டி விதிகள் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. எட்டு மூலை உள்ள விரிப்பு. ஒருவர்க்கு நீலக் கவசம், மற்றவர்க்குச் சிவப்புக் கவசம். தலைக்கு, முன்கைக்கு, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்புக்கு, பல்லுக்கு எல்லாம் காப்பு. எடைக்கு எடைதான் மோதலாம். ஒலிம்பிக்கில் ஆணுக்கு 4 எடைப் பிரிவு, பெண்ணுக்கும் 4 எடைப் பிரிவு. இரண்டு நிமிஷச் சுற்று, மூன்று சுற்றில் இரண்டை எடுத்தவர் ஜெயித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த விதிப்படி மார்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. உடம்பைச் சுழற்றி உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5. முகத்தில் குத்தக்கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது. விழுந்தவனை அடிக்கக்கூடாது. ஓடி ஒளியவும் கூடாது. மீறினால் "காம்ஜோம்" என்று சொல்லி எதிராளிக்கு ஒரு புள்ளி.

முன்னெல்லாம் பட்டது, படவில்லை என்று நடுவர்கள் கண்ணால் பார்த்துப் புள்ளி போட்டார்கள். சண்டையும் சச்சரவும் வந்தது. 2012 லண்டன் முதல் மார்புக் கவசத்திலும், 2016 ரியோ முதல் தலைக் கவசத்திலும் மின்சாரக் கருவி வைத்து, பட்ட உதையை அது எண்ணும்படி செய்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் பயிற்சியாளர் படத்தைத் திருப்பிப் பார்க்கக் கேட்கலாம். ஒரு தீர்ப்பில் தவறு வந்தால், "அது தலைவிதி" என்று சொல்லாமல் அத்தவறைத் திருத்த ஒரு கருவி கண்டுபிடித்தார்கள் பாருங்கள். பகுத்தறிவு என்பது இதுதான்.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. கியூபா தேசத்து ஏஞ்சல் மாட்டோஸ் 2000-இல் சிட்னியில் தங்கப் பதக்கம் வாங்கிய பெரிய வீரர். 2008 பெய்ஜிங்கில் வெண்கலத்துக்கான பந்தயத்தில் காயம்பட்டு, சிகிச்சைக்கு விட்ட நேரம் கடந்துவிட்டதால் தோற்றதாய் அறிவித்தார்கள். ஆத்திரத்தில் நடுவர் முகத்திலேயே உதைத்துவிட்டார். ஆயுள் முழுதும் போட்டியிடக்கூடாது என்று அவரையும் அவருடைய பயிற்சியாளரையும் விலக்கிவிட்டார்கள். ஒரு நிமிஷத்துக் கோபம் எத்தனை வருஷத்து உழைப்பைச் சாப்பிட்டுவிட்டது! காலுக்குக் கற்றுக்கொடுக்குமுன் கோபத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இவர்கள் வணக்கத்தையும் வரிசையையும் வைத்திருக்கிறார்கள்.

பெண்கள்

தாய்மார்களே! "வயதுக்கு வந்த பெண் காலைத் தூக்கி உதைக்கலாமா, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று உங்களில் சிலர் கேட்பதாய் அறிகிறோம். உதைக்கத் தெரிந்த பெண்ணைக் கட்டப் பயப்படுகிறவன், உதைப்பதற்கென்றே ஒரு பெண்ணைத் தேடுகிறவன் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்டவன் வராமல் போனால் உங்களுக்கு இலாபமே தவிர நஷ்டமில்லை.

ஈரானில் பிறந்த கிமியா அலிசாதே என்ற பெண் 2016 ரியோவில் 18 வயதில் வெண்கலம் வாங்கினார். அந்நாட்டுப் பெண் ஒருத்தி ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கம் அது. பிறகு, அரசாங்கம் தம்மை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, உடுப்பதையும் பேசுவதையும்கூடத் தானே தீர்மானித்தது என்று 2020 ஜனவரியில் பகிரங்கமாய்ச் சொல்லி நாட்டைவிட்டு வெளியேறினார். அகதிகள் அணியில் நின்று டோக்கியோவில் மோதினார். 2024-இல் பாரிஸில் பல்கேரியாவுக்காக மறுபடியும் வெண்கலம் வாங்கினார். ஆப்கானிஸ்தானத்து ஸக்கியா குதாதாதி, ஒரு கை முழு வளர்ச்சியில்லாமல் பிறந்தவர். 2021-இல் காபூல் தாலிபான் கையில் விழுந்தபின் அங்கிருந்து தப்பி வந்து, டோக்கியோ பாராலிம்பிக்கில் மோதினார். 2024 பாரிஸில் அகதிகள் பாராலிம்பிக் அணிக்கு முதல் பதக்கமே அவர் வாங்கியதுதான். மதத்தின் பெயரால் பெண்ணை மூடிவைக்கும் இரண்டு தேசங்களிலிருந்து வந்த இந்த இரண்டு பெண்களையும் நினைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் பெண்ணை வீட்டில் நிறுத்துவதா, இங்கே அனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள்.

ஏழை நாட்டுக்கும் ஒடுக்கப்பட்டவர்க்கும் இவ்விளையாட்டு இடம் கொடுத்திருக்கிறது. ஆப்கானிஸ்தானத்தில் இழிவாய் நடத்தப்பட்டுவந்த ஹஸாரா வகுப்பில் பிறந்த ரொஹுல்லா நிக்பாய்தான் 2008-இல் அத்தேசத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தார். ஜோர்டானுக்கு முதல் பதக்கமும், ஐவரி கோஸ்ட்டுக்கு முதல் தங்கமும் 2016-இல் டேக்வாண்டோவில்தான் வந்தன. இதற்குக் காரணம் அதிசயமல்ல. குதிரை வேண்டாம், படகு வேண்டாம், புல் மைதானம் வேண்டாம். ஒரு கூடமும் ஒரு விரிப்பும் சொல்லிக்கொடுக்க ஒரு யோக்கியரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இதிலுள்ள குற்றங்கள்

புகழ்ந்துவிட்டே போனால் நாமும் புராணிகர் ஆகிவிடுவோம். ஆகையால் குற்றங்களையும் சொல்லவேண்டும்.

முதலாவது, பெல்ட் வியாபாரம். பணம் கட்டினால் மாதத்துக்கு ஒரு நிறம் என்று விற்கிற பள்ளிகளும் உண்டு. இது உள்ளூர்ப் புரட்டு மாத்திரமல்ல. 2013-இல் உலக டேக்வாண்டோ அமைப்பு ரஷ்யாவின் புடினுக்கு 9-ஆம் டான் கௌரவ பெல்ட் கொடுத்தது. 2022-இல் உக்ரைன்மீது படையெடுத்தபின் அதைப் பிடுங்கிக்கொண்டது. 2021-இல் குக்கிவான் அமெரிக்காவின் டிரம்ப்புக்கு அதே 9-ஆம் டான் கௌரவம் கொடுத்தது. முறையாய்ப் போகிறவர், முதல் டானிலிருந்து இரண்டுக்கு ஒரு வருஷம், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டு வருஷம், மூன்றிலிருந்து நான்குக்கு மூன்று வருஷம் என்று காத்திருக்கவேண்டும். பெரிய மனிதருக்கு ஒரு மத்தியானத்தில் கிடைத்துவிடுகிறது. கோவிலில் மிராசுதாரருக்குப் பரிவட்டம் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பரீட்சை இல்லாமல் கட்டுகிற பெல்ட், அன்றைக்கே பூணூல் ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, ஆசிரியரைத் தெய்வமாக்குவது. காலைத் தொடச் சொல்லுவதும், தட்சிணை வாங்குவதும், ஆயுத பூஜைக்குக் கவசங்களுக்குப் பொட்டு வைப்பதும் இவ்வித்தையின் எந்த விதியிலும் இல்லை, நம்மவர் ஒட்டவைத்தவை. குருபக்தி என்று நம் நாட்டில் சொன்ன கதையில் ஏகலைவன் கட்டைவிரல் போயிற்று. நல்ல ஆசிரியர் என்றால் விரலைக் கொடுக்கிறவரே தவிர வாங்குகிறவர் அல்ல. ஆசிரியர் சொன்னதை வகுப்பில் கேட்டு நட. ஏன் என்று வகுப்பு முடிந்தபின் கேள். கேட்கக்கூடாது என்கிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். பெற்றோர் எந்த வேளையிலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று கதவு திறந்திருக்கவேண்டும். பெண் பிள்ளைகளைப் பொறுத்து இது கட்டாயம்.

மூன்றாவது, எடை குறைப்பது. கீழ் எடைப் பிரிவில் நிற்கலாம் என்று வளருகிற பிள்ளையைப் பட்டினி போட்டு, தண்ணீரையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விரதம் சாமிக்காக இருந்தாலும் பதக்கத்துக்காக இருந்தாலும் குடலுக்கு ஒன்றுதான். தலையில் பலமாய் உதை பட்ட பிள்ளையை அன்றைக்கே மறுபடி இறக்குவதும் மகா தவறு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை உட்காரவைக்க வேண்டும்.

நான்காவது, தெருச் சண்டை. இங்கே கற்றதைச் சந்தையில் காட்டினால் அது வீரமல்ல, போக்கிரித்தனம். ஓடித் தப்ப வழி இருக்கும்போது ஓடுவதே புத்தி. நாலு பேர் கத்தியோடு வந்தால் கறுப்பு பெல்ட்டும் ரத்தம் சிந்தும். இவ்வித்தை உடம்பைத் திடமாக்கும், பயத்தைக் குறைக்கும், நிதானத்தைக் கொடுக்கும். இதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம், இதுவே போதும்.

முடிவாக

தோழர்களே! நாம் அதிகம் பேசிவிட்டோம். ஒன்று சொல்லி முடிக்கிறோம். நாம் உள்ளே வரும்போது மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடக்கும் உதைகளுக்கு ஏற்றபடி தன் காலையும் தரையில் அசைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும். மஞ்சள் பெல்ட் வாங்கிய பிள்ளைதான். நாம் பேசத் தொடங்கியபோது, சிவப்பு பெல்ட் கட்டிய பையன் ஜன்னலண்டை போய் அவனிடம் ஏதோ பேசிவிட்டு, தன் தண்ணீர்ப் புட்டியைக் கம்பி வழியாய்க் கொடுத்ததையும் மேடையிலிருந்து பார்த்தோம். அவன் வாங்கிக் குடித்தான். ஜாதி எங்கே போயிற்று? அது பிள்ளைகளிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

அந்தக் கனவான் இக்கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு நாம் சொல்லுவது இதுதான்: உங்கள் பையன் குனிந்ததால் உங்கள் மானம் போகவில்லை, அவன் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்படி செய்தீர்களே, அதில்தான் போகிறது. திங்கட்கிழமை மாலை வகுப்பு உண்டு. பையனை அனுப்புங்கள். கூடவே நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்கள். அவன் அந்தச் சிவப்பு பெல்ட்டுக்குக் குனியும்போது, சிவப்பு பெல்ட் எவ்வளவு தூரம் திரும்பக் குனிகிறது என்று உங்கள் கண்ணாலேயே அளந்துகொள்ளுங்கள்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.